ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் திரும்ப நாலு பேரோட பழக ஆரம்பிக்கறது எப்படி

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை வலது கால் ரெண்டும் விழுந்து பேச்சும் போனப்போ வீட்ல எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தோம், முழுசா சரியாகட்டும், நல்லா பேச வரட்டும், அதுவரைக்கும் யாரும் வந்து தொந்தரவு பண்ண வேணாம்னு. நல்ல எண்ணத்துலதான் எடுத்தோம். எட்டு மாசம் அப்படியே போச்சு. பிசியோவுக்கு வர்றவர், ஸ்பீச் தெரபிஸ்ட், வீட்ல நாங்க மூணு பேர், இவ்ளோதான் அப்பா பார்த்த முகம். எட்டு மாசம் கழிச்சு நடை ஓரளவு வந்துடுச்சு, ஆனா காலிங் பெல் அடிச்சாலே ஸ்டிக்கை எடுத்துட்டு உள் ரூமுக்கு போயிடுவார். வருஷக்கணக்கா பழகின ஃப்ரெண்ட்ஸ் போன் பண்றதையே நிறுத்திட்டாங்க, ஏன்னா ஒவ்வொரு தடவையும் "இப்ப வேணாம், அப்புறம் சொல்றோம்"னு சொன்னது நாங்கதான்.

அதனால சொல்ல வேண்டியதை முதல்லயே சொல்லிடறேன். சரியான பிறகு வெளிய போலாம்னு காத்திருக்காதீங்க. டாக்டர் வீட்டுக்கு அனுப்பி, பிபி கட்டுக்குள்ள வந்து, உக்கார முடியுதுன்னா அன்னிலேர்ந்தே சின்னதா ஆரம்பிக்கலாம். முதல் மூணு மாசத்துல முன்னேற்றம் வேகமா இருக்கும், அப்புறம் மெதுவாகும், ஆனா அதோட நின்னுடாது, வருஷங்கள் கழிச்சும் புதுசா வார்த்தை வர்றவங்க, நடை தேறினவங்க இருக்காங்க. திரும்பத்திரும்ப எதை செய்யறோமோ அதுக்குத்தான் மூளை புது வழி போடும். பேசறதுக்கு ஆளே இல்லாத வீட்ல பேச்சு எங்கேர்ந்து வரும்?

இன்னொண்ணு. இதை படிக்கறது அநேகமா ஸ்ட்ரோக் வந்தவர் கிடையாது, அவரோட மனைவியோ புருஷனோ பிள்ளையோதான், ஏன்னா பேச்சு பாதிச்ச நிறைய பேருக்கு இவ்ளோ நீளமா படிக்கறதும் கஷ்டமா இருக்கும். அதனால உங்ககிட்ட பேசற மாதிரியே எழுதறேன். ஆனா ஒவ்வொரு விஷயத்தையும் செய்யறதுக்கு முன்னாடி அவர்கிட்ட கேட்டுட்டு செய்யுங்க, யாரை பார்க்கணும், எப்ப பார்க்கணும்னு முடிவு பண்ண வேண்டியவர் அவர்தான்.

முதல்ல எது பாதிச்சிருக்குன்னு சரியா தெரிஞ்சுக்கோங்க

கை கால் வரலங்கறது எல்லாருக்கும் கண்ணுக்கு தெரியும். பழகறதுல அதிகமா இடிக்கறது கண்ணுக்கு தெரியாத விஷயங்கள்தான். மூளையோட இடது பக்கம் அடிபட்டா உடம்போட வலது பக்கம் பாதிக்கும், பெரும்பாலானவங்களுக்கு பேச்சு அந்த இடது பக்கத்துலதான் இருக்கு, அதனால வலது கை கால் விழுந்தவங்களுக்கு பேச்சும் சேர்ந்து போறது சகஜம். இதுக்கு அஃபேசியான்னு பேர், ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு இது இருக்கும்னு சொல்றாங்க. இதுல போறது மொழி, அறிவு இல்ல. சொல்ல வேண்டியது மனசுல இருக்கும், வார்த்தைதான் கைக்கு சிக்காது. சிலருக்கு மத்தவங்க பேசறது புரியறதுலயும் சிக்கல் இருக்கும், எந்த அளவுக்குன்னு ஸ்பீச் தெரபிஸ்ட்கிட்ட தெளிவா கேட்டு வெச்சுக்கோங்க. வாய் தசை தளர்ந்து குழறி பேசறது வேற பிரச்சனை, அவங்களுக்கு வார்த்தையெல்லாம் சரியாத்தான் வரும், உச்சரிப்புதான் தெளிவா இருக்காது.

மூளையோட வலது பக்கம் அடிபட்டவங்க நல்லா பேசுவாங்க, அதனால ஒண்ணும் பிரச்சனை இல்லன்னு நினைச்சுடுவோம். ஆனா அவங்கள்ல சிலருக்கு இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே கவனத்துக்கு வராது. இடது பக்கம் நின்னு ஒருத்தர் வணக்கம் சொன்னா திரும்பியே பார்க்க மாட்டாங்க, தட்டுல இடது பாதி சாப்பாடு அப்படியே இருக்கும், கதவு நிலைல தோள் இடிக்கும். பார்க்கறவங்க "முன்ன மாதிரி இல்ல, கண்டுக்கவே மாட்டேங்கறார்"னு கோவிச்சுட்டு போவாங்க. இது திமிரும் இல்ல மறதியும் இல்லன்னு வர்றவங்களுக்கு நீங்கதான் சொல்லணும். இன்னும் சிலருக்கு கண்ணு நல்லாவே இருக்கும், ஆனா பார்வைல ஒரு பாதி கட்டாயிருக்கும், அது எந்த பக்கம் வேணா இருக்கலாம்.

அப்புறம் களைப்பு. ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு இது இருக்கு, நாம வேலை செஞ்சு வர்ற களைப்பு மாதிரி தூங்கி எழுந்தா போற ரகம் இல்ல. பேசறது, கேக்கறது, கூட்டத்துல ஒரு குரலை மட்டும் பிரிச்சு கேக்கறதுன்னு நாம யோசிக்காம செய்யற எல்லாத்தையும் அவங்க மூளை கஷ்டப்பட்டு செய்யுது. நேரம் ஆக ஆக வார்த்தை கொஞ்சம் கொஞ்சமா தடுமாறினா, கால் மெதுவா இழுக்க ஆரம்பிச்சா, முகம் வெறிச்சுன்னு ஆனா, சின்ன விஷயத்துக்கு எரிச்சல் வந்தா, அன்னிக்கு போதும்னு அர்த்தம், எழுந்துடுங்க. ஆனா முகம் கோணறது, கை தளர்றது, பேச்சு குழறுறது, பார்வை மங்கறதெல்லாம் முன்ன இருந்ததை விட திடீர்னு மோசமாச்சுன்னா அதை களைப்புன்னு நினைச்சு படுக்க வெச்சுட்டு காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி. ஸ்ட்ரோக்குகள்ல ஏறக்குறைய நாலுல ஒண்ணு ஏற்கனவே ஒரு தடவை வந்தவங்களுக்கு வர்றதுதான். ரத்தக்கட்டியை கரைக்கற ஊசிக்கு வழக்கமான அவகாசம் நாலரை மணி நேரம், அதனால எங்க போனாலும் என்ன மாத்திரை போடறார், கடைசியா எப்ப நல்லா இருந்தார்னு சொல்லத்தெரிஞ்ச ஆள் கூட இருக்கணும்.

ஒரே ஒரு ஆள்ல ஆரம்பிங்க

நாங்க ரெண்டாவதா செஞ்ச தப்பு, எட்டு மாசம் அடைச்சு வெச்சிருந்ததுக்கு பரிகாரம் மாதிரி ஒரே நாள்ல ஏழு பேரை கூப்பிட்டது. எல்லாரும் ஒரே நேரத்துல பேசினாங்க, டிவி ஓடிட்டு இருந்துச்சு, ஒருத்தர் அழுதார், அப்பா பத்து நிமிஷத்துல கண்ணை மூடிட்டு படுத்துட்டார், அடுத்த ரெண்டு நாள் யாரையும் நிமிர்ந்து பார்க்கல.

அதனால ஒருத்தர் போதும். அந்த ஒருத்தர் ரொம்ப நெருங்கின சொந்தமா இருக்கணும்னு அவசியமே இல்ல, பொறுமையா உக்காரத்தெரிஞ்சவர், அமைதியா இருந்தா சங்கடப்படாதவர், பாவம் பார்க்காதவர், இதுதான் தகுதி. யாருன்னு அவர்கிட்டயே கேளுங்க, பேச்சு வரலன்னா ஆல்பத்தையோ போன்ல இருக்கற போட்டோவையோ காட்டி விரலால தொடச்சொல்லுங்க. எங்க அப்பா தொட்டது கூட வேலை பார்த்தவங்கள்ல நாங்க ஞாபகத்துலயே வெச்சிருக்காத ஒரு ஆளை. வீட்லயே ஆரம்பிங்க, அவர் தெளிவா இருக்கற நேரமா பாருங்க, நிறைய பேருக்கு அது காலை, டிவி ஃபேன் சத்தம் எல்லாம் குறைச்சு, இருபதுலேர்ந்து முப்பது நிமிஷம். நல்லா போயிட்டு இருக்கும்போதே முடிச்சுடுங்க, களைச்சு போய் முடிஞ்சா அந்த களைப்புதான் ஞாபகத்துல தங்கும், அடுத்த தடவை கூப்பிட்டா வேணாம்பார்.

வர்றவருக்கு முன்னாடியே ஒரு மெசேஜ் அனுப்புங்க, இது ரொம்ப ரொம்ப முக்கியம். வர்றவங்களுக்கும் பயம் இருக்கும், என்ன பேசறது, தப்பா எதாவது சொல்லிடுவோமோன்னு, அந்த பயத்துலதான் பாதி பேர் வராமலே இருந்துடறாங்க. நாங்க அனுப்பறது இப்படி இருக்கும்:

"நாளைக்கு வர்றீங்கன்னு சொன்னதும் அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம். காலைல 10 மணிக்கு வந்தீங்கன்னா அவர் ஃப்ரெஷ்ஷா இருப்பார். பதில் வர லேட்டாகும், ஆனா நாம பேசறது அவருக்கு புரியும், அதனால எங்களை பார்த்து பேசாம அவரை பார்த்தே பேசுங்க. உடம்பை பத்தி எங்ககிட்ட போன்ல கேட்டுக்கோங்க, அங்க வேற கதை பேசலாம். பழைய போட்டோ இருந்தா எடுத்துட்டு வாங்க. ஒரு அரை மணி நேரம் இருந்தா போதும்."

இதை காப்பி பண்ணி உங்க வீட்டு நிலைமைக்கு தகுந்த மாதிரி மாத்திக்கோங்க. புரியறதுலயும் சிக்கல் இருக்கறவங்களுக்கு "சின்ன சின்ன வாக்கியமா, மெதுவா பேசுங்க"ன்னு சேருங்க. சத்தமா பேச வேணாம்னும் போடுங்க, காது நல்லாத்தான் கேக்குதுங்கறதை மறந்துட்டு கத்தி பேசறவங்க நிறைய.

"என்னை தெரியுதா?"

இந்த கேள்வியை கேக்காம வர்ற ஆள் ரொம்ப கம்மி. "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்?" பேர் சொல்றதுதான் அஃபேசியா இருக்கறவங்களுக்கு இருக்கறதுலயே கஷ்டமான வேலை, ஆளை நல்லா தெரியும், கூட பிறந்த தம்பின்னு தெரியும், பேர் மட்டும் வராது. அந்த நேரத்துல அவர் முகம் சுருங்கறதை ஒரு தடவை பார்த்தீங்கன்னா அடுத்த தடவை யாரையும் கேக்க விட மாட்டீங்க. யாராவது ஆரம்பிச்சா நீங்க உடனே "அப்பா, உங்க தம்பி வந்திருக்கார்"னு பேரை சொல்லிடுங்க, பரீட்சை அங்கயே முடிஞ்சுடும். வர்றவங்களே "நான் இன்னார், உங்களை பார்க்க வந்தேன்"னு ஆரம்பிச்சா இன்னும் நல்லது.

அடுத்தது "அவருக்கு புரியுதா?"ன்னு அவர் தலைக்கு மேலயே நம்மகிட்ட கேக்கறது. பதில் சொல்லாம அவர் பக்கம் திரும்பி "அப்பா, மாமா கேக்கறார், நீங்களே சொல்லுங்க"ன்னு சொல்லிடுங்க, ரெண்டு தடவை இப்படி செஞ்சா புரிஞ்சுக்குவாங்க. "எப்படி இருந்த மனுஷன்"னு கண்ணை துடைக்கறவங்க, "பிபி மாத்திரை ஒழுங்கா போடலையா"ன்னு விசாரணை பண்றவங்க, இவங்களை மெதுவா வாசப்பக்கம் கூட்டிட்டு போய் அங்க வெச்சு பேசுங்க. நான் இதுல கொஞ்சம் கறாராவே இருந்தேன், சில பேருக்கு வருத்தம் கூட, ஆனா அப்பா வெளிய வந்து உக்கார ஆரம்பிச்சது அதுக்கு அப்புறம்தான்.

பேச்சு வராதவரோட பேசறது

1861ல பாரிஸ்ல பால் ப்ரோக்கான்னு ஒரு டாக்டர் ஒரு நோயாளியை பத்தி எழுதினார், அவரால வருஷக்கணக்கா "டான்"ங்கற ஒரே சத்தம்தான் சொல்ல முடிஞ்சுது, ஆனா சொல்றது அவருக்கு புரிஞ்சுது, சைகைலயும் குரல் ஏத்த இறக்கத்துலயும் பதில் சொன்னார், கோபம் வந்தா மட்டும் திட்டு வார்த்தை தெளிவா வந்துச்சாம். இது இன்னிக்கும் நிறைய வீட்ல நடக்குது. யோசிச்சு சொல்ல வேண்டிய வார்த்தை வராது, ஆனா ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்றது, கிழமை சொல்றது, "சரி", "போதும்", திட்டு இதெல்லாம் பழக்கத்துல தானா வந்துடும். பாட்டும் அப்படித்தான், பேசவே முடியாதவங்க பழைய பாட்டை வார்த்தையோட பாடுவாங்க, அதை வெச்சே பேச்சு பயிற்சி கொடுக்கற முறை 1970கள்லேர்ந்து இருக்கு. அதனால வந்தவங்களோட சேர்ந்து பாட்டு கேக்கறது, கூட சேர்ந்து முணுமுணுக்கறது ரொம்ப நல்ல ஆரம்பம், யாருக்கும் சங்கடம் இருக்காது. அப்புறம் அவர் வாயிலேர்ந்து திட்டு வார்த்தை வந்துட்டா மரியாதை குறைஞ்சுடுச்சுன்னு யாரும் எடுத்துக்க வேணாம், அது அவர் தேர்ந்தெடுத்த வார்த்தையே இல்லாம இருக்கலாம்.

கனடால ஆரா ககன்ங்கற ஸ்பீச் தெரபிஸ்ட் உருவாக்கின ஒரு பயிற்சி இருக்கு, அதுல நோயாளிக்கு இல்லாம கூட பேசறவங்களுக்குத்தான் பாடம். "உங்களுக்கு விஷயம் தெரியும்னு எனக்கு தெரியும்"னு வெளிப்படையா சொல்றதுதான் அதோட ஆரம்பமே. எனக்கு இது ரொம்ப பிடிச்சுது, அப்பாகிட்ட முதல் தடவை சொன்னப்போ என் கையை பிடிச்சுக்கிட்டார்.

நடைமுறைல செய்ய வேண்டியது இவ்ளோதான். ஒரு நேரத்துல ஒரே விஷயம் பேசுங்க, விஷயம் மாறினா "இப்ப வேற விஷயம்"னு சொல்லிட்டு மாறுங்க. "என்ன வேணும்?"னு கேக்கறதை விட "இதுவா அதுவா?"ன்னு ரெண்டை காட்டி கேளுங்க. பக்கத்துல ஒரு நோட்டும் தடிமனான பேனாவும் எப்பவும் இருக்கட்டும், முக்கியமான வார்த்தையை பெருசா எழுதி காட்டுங்க, படம் வரைங்க, காலண்டர், மேப், போட்டோ எல்லாம் பேச்சுதான். கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. பத்து எண்றது எவ்ளோ நீளம்னு அப்பத்தான் தெரியும், ஆனா அந்த ஏழாவது எட்டாவதுலதான் பதில் வரும். நாம நடுவுல புகுந்து வார்த்தையை எடுத்துக்கொடுத்தா தேடிட்டு இருந்தது அறுந்துடும், எடுத்துக்கொடுக்கலாமான்னு முதல்லயே கேட்டுக்கோங்க, சிலருக்கு அது வேணும், சிலருக்கு கோபம் வரும். ஆமாம் இல்லைங்கறதே மாறி வரலாம், வாய் ஆமாம்னு சொல்லும் தலை இல்லைன்னு ஆடும், அதனால "அப்போ வேணாம், சரியா?"ன்னு ஒரு தடவை திருப்பி கேட்டு உறுதி பண்ணுங்க. புரியலன்னா புரியலன்னு சொல்லுங்க. புரிஞ்ச மாதிரி தலையாட்டறது அவருக்கு நிச்சயமா தெரியும், அதுக்கு அப்புறம் சொல்றதையே விட்டுடுவார்.

எங்க அம்மாவுக்கு இதுல கஷ்டமா இருந்தது பத்து எண்றதுதான். யார் என்ன கேட்டாலும் அப்பாவுக்கு முந்தி அம்மா பதில் சொல்லிடுவாங்க, அது பாசத்துல வர்றது, அவர் தடுமாறறதை பார்க்க முடியாம வர்றது. அதனால ஃப்ரெண்ட் வரும்போது கதவை திறந்து உக்கார வெச்சுட்டு அம்மா அடுத்த ரூமுக்கு போயிடறதுன்னு வெச்சோம். முதல் நாள் ரெண்டு பேரும் அரை மணி நேரம் ஒரு வார்த்தை இல்லாம செஸ் ஆடினாங்க. அப்பா இடது கையால காய் நகர்த்தினார்.

போன் கால் கடைசில வெச்சுக்கோங்க. முகம் தெரியாது, சைகை தெரியாது, உதடு தெரியாது, பேச்சு பாதிச்சவங்களுக்கு இருக்கறதுலயே கஷ்டம் அதுதான். வீடியோ கால் எவ்ளோவோ பரவால்ல. வாட்ஸ்அப் குரூப்ல இருந்தா எழுத முடியலன்னாலும் போட்டோ அனுப்பலாம், ஸ்டிக்கர் போடலாம், வந்த வாய்ஸ் மெசேஜை திரும்பத்திரும்ப கேட்டுட்டு நிதானமா பதில் சொல்லலாம். அவர் போனை நீங்க வாங்கி அவர் பேர்ல பதில் போடறதை மட்டும் செய்யாதீங்க.

வெளிய கிளம்பறப்போ

முதல் தடவை வெளிய போறதுக்கு பெரிய விசேஷத்தை எடுத்துக்காதீங்க. கூட்டம் இல்லாத நேரத்துல பக்கத்துல இருக்கற ஒரு இடம், தெரிஞ்ச ஒருத்தர், ஒரு மணி நேரத்துக்குள்ள திரும்பற மாதிரி. முடிஞ்சா முந்தின நாள் நீங்க மட்டும் போய் பார்த்துட்டு வந்துடுங்க. எத்தனை படி, கைப்பிடி எந்த பக்கம், டாய்லெட் எங்க, ஸ்டிக்கோ வாக்கரோ வீல் சேரோ கதவுல நுழையுமா, கைப்பிடி வெச்ச சேர் இருக்கா. டாய்லெட் விஷயத்தை லேசா எடுத்துக்காதீங்க, ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் அடக்க முடியாம போறது நிறைய பேருக்கு இருக்கு, வெளிய வர மாட்டேன்னு சொல்றதுக்கு உண்மையான காரணமே அதுவா இருக்கும், ஆனா வாய்விட்டு சொல்ல மாட்டாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி போயிட்டு, ஒரு செட் மாத்து துணி பையில வெச்சுட்டு, போன உடனே டாய்லெட் எங்கன்னு காட்டிடுங்க, பாதி பயம் போயிடும்.

நடக்கும்போது பாதிச்ச பக்கமா, கொஞ்சம் பின்னாடி நில்லுங்க. நடந்துட்டே பேசினா தடுமாறுவாங்க, ரெண்டு வேலையையும் மூளையால ஒண்ணா பார்க்க முடியாது, அதனால பேசணும்னா நின்னு பேசுங்க. படி ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது பாதிச்ச கால் முதல்ல. தெரிஞ்சவங்க யாராவது பாசத்துல வலுவில்லாத கையை பிடிச்சு இழுத்து தூக்கிவிட வருவாங்க, தடுத்துடுங்க, தசை தளர்ந்த தோள்பட்டை சுலபமா நழுவிடும், அப்புறம் மாசக்கணக்கா வலி. நல்ல கையை நீட்டச்சொல்லி பிடிச்சுக்கட்டும்.

உக்கார்ற இடம் பெரிய வித்தியாசம் பண்ணும். மூலையா, பின்னாடி சுவர் இருக்கற மாதிரி, ஸ்பீக்கருக்கு தூரமா. பேச வர்றவங்க அவர் கவனம் நல்லா இருக்கற பக்கம் வந்து உக்காரட்டும். சாப்பிட வேண்டியிருந்தா விழுங்கறதுல பிரச்சனை இருக்கான்னு பாருங்க, இருந்தா தெரபிஸ்ட் சொன்ன பதத்துல இருக்கறதை நீங்களே எடுத்துட்டு போங்க, நிமிர்ந்து உக்கார்ந்து, சின்ன வாயா, மெல்லும்போது யாரும் கேள்வி கேக்காம. சாப்பிடும்போது இருமல் வந்தாலோ குரல் ஈரமா கரகரன்னு மாறினாலோ அதோட நிறுத்துங்க, திரும்பத்திரும்ப இப்படி ஆச்சுன்னா தெரபிஸ்ட்கிட்ட சொல்லுங்க. வேற கையால சாப்பிட கூச்சப்படறவங்களுக்கு வீட்லயே கொஞ்சம் சாப்பிட வெச்சுட்டு கூட்டிட்டு போனா அங்க போய் பேசறதுக்கு மட்டும் நேரம் இருக்கும்.

கல்யாணம் மாதிரி பெரிய கூட்டம்னா முழுசா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. சீக்கிரமா போய், கூட்டம் சேர்றதுக்குள்ள பார்க்க வேண்டியவங்களை பார்த்துட்டு கிளம்பிடலாம். ரெண்டு பேருக்குள்ள ஒரு சைகை பேசி வெச்சுக்கோங்க, எங்க வீட்ல அப்பா வாட்சை ரெண்டு தடவை தட்டினா கிளம்பணும்னு அர்த்தம், காரணம் கேக்கறதில்ல, இன்னும் அஞ்சு நிமிஷம்னு சொல்றதில்ல. அந்த சைகைக்கு ஒவ்வொரு தடவையும் மதிப்பு கொடுத்ததாலதான் அடுத்த தடவை நம்பி வந்தார். போறதுக்கு முந்தின நாளும் போயிட்டு வந்த மறுநாளும் வேற எதுவும் வெச்சுக்காதீங்க. வண்டி ஓட்டறதை மட்டும் டாக்டர் சொல்லாம ஆரம்பிக்கவே கூடாது, கை கால் நல்லா வந்துட்டா கூட பார்வையும் கவனமும் சரியா இருக்கணும், ஊருக்கு ஊர் சட்டமும் வேற.

அழுகையும் சிரிப்பும், உண்மையான சோர்வும்

திடீர்னு அழுவாங்க, சம்பந்தமே இல்லாத இடத்துல சிரிப்பாங்க, நிறுத்த முடியாது. உணர்ச்சிக்கு பிரேக் போடற இடம் பாதிச்சதால வர்றது இது, பல நேரம் உள்ள அவ்ளோ துக்கம் இருக்காது. எல்லாரும் சுத்தி நின்னு தேத்த ஆரம்பிச்சா இன்னும் அதிகமாகும். கொஞ்சம் தண்ணி கொடுத்து, பேச்சை வேற பக்கம் திருப்பி, சாதாரணமா இருந்தா ஒரு நிமிஷத்துல அடங்கிடும். "இது ஸ்ட்ரோக்னால வர்றது, கண்டுக்காதீங்க"ன்னு வர்றவங்களுக்கு முன்னாடியே சொல்லி வெச்சா போதும். ரொம்ப தொந்தரவா இருந்தா இதுக்கு மருந்து இருக்கு, டாக்டர்கிட்ட கேளுங்க.

ஆனா மனச்சோர்வு வேற. மூணுல ஒருத்தருக்கு ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் அது வருது. வெளிய வர மாட்டேன்னு சொன்னா உடனே கட்டாயப்படுத்தவும் வேணாம், அப்படியே விட்டுடவும் வேணாம், எதனாலன்னு பாருங்க. களைப்புன்னா ரெஸ்ட் எடுத்ததும் மாறும், கூச்சம்னா அந்த குறிப்பிட்ட ஆள் குறிப்பிட்ட இடம்னா மட்டும் மறுப்பார். பிடிச்ச பாட்டு கூட பிடிக்கல, சாப்பாடு இறங்கல, தூக்கம் இல்ல, பிசியோ வேணாம், நான் இருந்து என்ன பிரயோஜனங்கற மாதிரி ரெண்டு வாரமா இருக்குன்னா டாக்டரை பார்த்தே ஆகணும், சாகணும்ங்கற மாதிரி எதாவது சொன்னா ரெண்டு வாரம்லாம் காத்திருக்காம அன்னிக்கே. வாய் பேச முடியாதவங்ககிட்ட இதை கண்டுபிடிக்கறது கஷ்டம், அதனால கூட இருக்கற நீங்கதான் டாக்டர்கிட்ட சொல்லணும். சிகிச்சை எடுத்தா நல்லாவே மாறும்.

வேலை கொடுங்க

வர்றவங்க எல்லாரும் பார்த்துட்டு போறவங்களாவும் அவர் பார்க்கப்படறவராவும் இருந்தா ரெண்டு மாசத்துல எல்லாருக்கும் அலுத்துடும். அவருக்கு அந்த கூட்டத்துல ஒரு வேலை இருக்கணும். செஸ், சீட்டு, மேட்ச் பார்க்கறது, செடிக்கு தண்ணி விடறது, குழந்தைங்களுக்கு படம் வரைஞ்சு காட்டறதுன்னு பேச்சு வேண்டாத விஷயங்கள் எவ்ளோவோ இருக்கு. ஸ்வீடன் கவிஞர் டோமாஸ் ட்ரான்ஸ்ட்ரோமருக்கு 1990ல ஸ்ட்ரோக் வந்து பேச்சு பெரும்பாலும் போச்சு, வலது கை வரல. இடது கையால மட்டும் பியானோ வாசிச்சார், அதுக்கு அப்புறமும் கவிதை புத்தகங்கள் வந்துச்சு, 2011ல இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைச்சுது. எல்லாரும் அந்த மாதிரி ஆகணும்னு சொல்லல, முன்னாடி கைல இருந்த ஒரு பழக்கத்தை வேற கையால தொடர முடியும்ங்கறதுக்குத்தான் சொல்றேன். எங்க அப்பா இப்ப நாலு பேர் ஆடும்போது ஸ்கோர் எழுதறார், எழுத்து கோணலாத்தான் இருக்கும், ஆனா கணக்கு அவர்கிட்டதான்னு எல்லாரும் அவர் பக்கம் திரும்பி கேக்கறாங்க.

விலகிப்போன ஃப்ரெண்ட்ஸை பத்தி கசப்பா இருக்கும், எனக்கும் இருந்துச்சு. ஆனா முக்காவாசி பேர் என்ன செய்யறதுன்னு தெரியாமதான் போயிருக்காங்க, "எப்ப வேணா வாங்க"ன்னு சொன்னா யாரும் வர மாட்டாங்க, "வர்ற சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு அரை மணி நேரம் வந்து அப்பாவோட ஒரு ஆட்டம் ஆடிட்டு போங்க"ன்னு சொன்னா வருவாங்க. நாலு பேரை கூப்பிட்டா ரெண்டு பேர் வருவாங்க, அது போதும். பக்கத்துல ஸ்ட்ரோக் வந்தவங்க சேர்ந்து சந்திக்கற குழு எதாவது இருந்தா ஒரு தடவையாவது கூட்டிட்டு போங்க, அங்கதான் யாரும் யாரையும் அவசரப்படுத்த மாட்டாங்க. அந்த நேரத்துல கூட இருந்து பார்த்துக்கறவங்களும் வெளிய போய் அவங்க ஃப்ரெண்ட்ஸை பார்த்துட்டு வரட்டும், எங்க அம்மா ஒரு வருஷம் எங்கயுமே போகல, அதை நாங்க கவனிக்காம விட்டது இன்னிக்கும் எனக்கு உறுத்துது.

கடைசியா ஒரு சின்ன வேலை. வாசல்கிட்ட பெரிய எழுத்து காலண்டர் ஒண்ணு மாட்டி வைங்க, நூல்ல ஒரு பேனா கட்டி தொங்க விடுங்க. வந்தவர் கிளம்பறதுக்கு முன்னாடி அடுத்தது என்னைக்குன்னு ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்து அங்கயே வட்டம் போடணும், வட்டம் போடறது வந்தவரும் இல்ல நீங்களும் இல்ல, அவர். நாள் குறிக்காம போறவங்களை எங்க அப்பா இப்பல்லாம் ஸ்டிக்கை குறுக்க நீட்டி நிறுத்திடறார்.